எஞ்சினின் கன்றுக்குட்டி

பிரதீபா வீட்டு மாட்டுக்கொட்டகையில் மூன்று பேர் இருந்தார்கள். மருதாணி என்ற பசு, அவளுடைய சின்னக் கன்று, அப்புறம் ஒரு கார் எஞ்சின்.

மூவருக்கும் தீனி போடுவது பிரதீபாதான்.

பசுவுக்குத் தவிடும் வைக்கோலும். கன்றுக்கு ஒரு பிடி இளம்புல். எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்.

அது மிகப் பழைய எஞ்சின். எங்கோ யாருடைய காரையோ ஓட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கார் போன பிறகு, கோவிந்தாபுரம் பக்கத்தில் இருந்த இந்தத் தோட்டத்துக்கு வந்து கிணற்றுத் தண்ணீரை இறைத்தது. மின்சார மோட்டார் வந்ததும் கொட்டகை மூலையில் கயிறு கட்டி உட்கார வைத்துவிட்டார்கள். அதன் மேல் கோழிகள் ஏறி உறங்கின.

எஞ்சினின் தலையில் நான்கு ஓட்டைகள் இருந்தன. அவற்றில் இருக்க வேண்டிய ஸ்பார்க் பிளக்குகளை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சின்ன வயதில் பிரதீபா அவற்றை நான்கு வாய்கள் என்று நினைத்தாள். பசுவும் கன்றும் சாப்பிடும்போது இது மட்டும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வாய்க்கு ஒரு கரண்டி விளக்கெண்ணெய் ஊற்றி, துணி உருண்டையால் மூடி வைப்பாள். பிறகு சுவரில் தொங்கும் இரும்புக் கைப்பிடியை எஞ்சினின் முன்புறம் மாட்டி மெதுவாகச் சுற்றுவாள்.

"சாப்பிட்டதும் கொஞ்சம் நடக்கோணும்" என்று அதனிடம் சொல்வாள்.

இப்போது அவள் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டாள். எஞ்சினுக்கு வாய் கிடையாது என்று தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்தால் கை தானாக எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடும்.

கோடை விடுமுறையில் ஒரு திங்கட்கிழமை கிணற்று மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. தோட்டத்தில் தக்காளிச் செடிகள் பூவும் பிஞ்சுமாக நின்றன. இன்னும் சில நாள் தண்ணீர் இல்லையென்றால் எல்லாம் கருகிவிடும்.

அப்பா பொங்கியண்ணன் மருதாணியின் முதுகைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

"வேற வழியில்ல கண்ணு. வியாழக்கிழமை பொள்ளாச்சி சந்தைக்கு இவளை ஓட்டிட்டுப் போயி வித்துட்டு, புது மோட்டார் வாங்கிட்டு வாரேன்."

பிரதீபா கன்றை இழுத்து அணைத்துக்கொண்டாள். "கன்னையாவது வெச்சுக்கலாமுங்களாப்பா?"

"அதெப்படி? பால் குடிக்கிற கன்னைத் தாய்கிட்ட இருந்து பிரிக்கிற வழக்கம் நம்ம ஊட்டுல இல்ல. தாய் போனா கன்னும் கூடத்தான் போகோணும். வாங்குறவங்க கன்னுக்குன்னு தனியா வெலை தர வேண்டியதில்ல."

"அப்ப நமக்குன்னு ஒண்ணுமே இருக்காதுங்களா?"

"கயிறு இருக்கும்" என்றாள் அம்மா சிவசங்கரி. "மாட்டை விக்கிறப்ப பழைய கயிறைக் குடுக்கக் கூடாது. கயிறும் போச்சுன்னா லச்சுமியும் கூடவே போயிருவா."

மருதாணி இல்லாத கயிறை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிரதீபா கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். அவள் பார்வை மூலையில் போய் நின்றது.

"அப்பா, மருதாணிக்குப் பதிலா எஞ்சினை வித்தா ஆகாதுங்களா?"

அப்பா சிரித்துவிட்டார். "அது வெறும் இரும்பு கண்ணு."

அதற்குள் அண்ணன் சதீஷ் போனைத் தட்டிக்கொண்டே ஓடி வந்தான். "வெறும் இரும்பா? இங்க பாருங்கப்பா, இதே மாதிரி எஞ்சினுக்கு ஏழு லட்சம் போட்டிருக்காங்க! நாம கார் வாங்கிரலாம்!"

"அந்த வெலைக்கு யாராச்சும் வாங்கிட்டாங்களாண்ணா?" என்று பிரதீபா கேட்டாள்.

"வாங்கல. போட்டிருக்காங்க."

"பக்கத்துத் தோட்டத்து சென்னிமலை மாமாவும் அவரு காளைக்கு ஒவ்வொரு சந்தையிலயும் பெரிய வெலைதான் சொல்றாரு. சாயங்காலம் காளையும் அவருமா நடந்துதானே ஊட்டுக்கு வாராங்க?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சதீஷ் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் பழைய இரும்பு வியாபாரி பாண்டித்துரை வந்தார். எஞ்சினை ஒரு கம்பியால் தட்டிப் பார்த்தார்.

"எடை போட்டு எடுத்துக்கிடுறேன்ணே. இரும்புக்கு இரும்பு விலை. நம்மகிட்ட ஏமாத்து வேலையே கிடையாது."

அவர் சொன்னது உண்மைதான், ஏமாற்றவில்லை. ஆனால் அவர் கணக்குப் போட்டுச் சொன்ன விலை மருதாணியின் விலையில் கால்வாசி கூட வரவில்லை.

"மாமா, நீங்க மாட்டை எடை போட்டுத்தான் வாங்குவீங்களா?" என்று கேட்டாள் பிரதீபா.

"நான் எங்க பாப்பா மாடு வாங்குனேன்?"

"எங்கப்பா வாங்குவாருங்க. பல்லைப் பார்ப்பாரு. நடக்க விட்டுப் பார்ப்பாரு. பால் கறக்குமான்னு கேப்பாரு. எடை எவ்வளவுன்னு கேக்கவே மாட்டாரு."

பாண்டித்துரை தலையைச் சொறிந்தார். அப்பா தாடையைத் தடவினார்.

"நாளைக்கு ஒரு நாள் பாக்கலாமுங்க" என்று அவரை அனுப்பிவிட்டு மகளிடம் திரும்பினார். "சரி சாமி, நீயே சொல்லு. என்ன வெலை கேக்கலாம்?"

பிரதீபா யோசித்தாள். "மருதாணி வெலைங்கப்பா. அதுல மோட்டார் வந்துரும். அதுக்குக் கீழ போனா மருதாணி போயிருவா. மேல கேட்டா, வாங்குறவங்க பாவம்."

"அந்த வெலைக்கு அது தகுமா?"

"அது நடக்குங்கப்பா" என்றாள் பிரதீபா உறுதியாக.

சதீஷ் எஞ்சினைப் படம் எடுத்து, பழைய கார்க்காரர்கள் பேசிக்கொள்ளும் ஒரு குழுவில் போட்டான். அன்று மாலையே மூணாறு பக்கத்திலிருந்து சூசையப்பன் என்பவர் அழைத்தார். காலையில் புறப்பட்டு வருகிறேன் என்றார்.

புதன்கிழமை காலை குளித்துவிட்டு வந்த அம்மா, கையில் திருப்புளியுடன் கொட்டகைக்குள் நுழைந்தாள். எஞ்சினின் விலாவில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு இருந்தது. அதில் ஆங்கில எழுத்துகளும் எண்களும். பிரதீபா புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதைப் பளபளப்பாக வைத்திருந்தாள்.

"எதுக்குங்கம்மா கழட்டறீங்க?"

"மாட்டுக்குன்னா கயிறு. எஞ்சினுக்குக் கயிறு ஏது? இது நம்மகிட்ட இருக்கட்டும்."

பிரதீபாவுக்கும் அது சரியென்றே பட்டது. அவளே தகட்டைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அதைக் கழுவி, சாமி மாடத்தில் லட்சுமி படத்தின் அடியில் வைத்துக் குங்குமம் இட்டாள்.

பதினொரு மணிக்குச் சின்ன லாரி ஒன்று வந்தது. அதிலிருந்து இறங்கியவர் சிரித்த முகத்துடன் கும்பிட்டார்.

"வணக்கம் அண்ணாச்சி. நான்தான் சூசையப்பன். எங்கிட்ட பழைய காரு ஒண்ணு கிடக்கு. பெயிண்ட் அடிச்சு, சீட்டு தைச்சு, மாப்பிள்ளை மாதிரி நிக்கி. உள்ள எஞ்சின்தான் இல்ல. மூணாறு பாக்க வாறவங்க எல்லாம் ஏறி உக்காந்து போட்டோ எடுத்துட்டு இறங்கிப் போயிருதாங்க. ஓட்டிக் காட்டுனாத்தானே எனக்குப் பொழப்பு?"

'மூணாறுக்காரர் வேண்டாமென்று சொன்னால் நாம் எடுத்துக்கொள்ளலாம்' என்று பாண்டித்துரையும் தராசோடு வந்து ஓரமாக நின்றார்.

சூசையப்பன் எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் வாடியது.

"நம்ம காருக்கு ஏத்த ஆளுதான். ஆனா இத்தனை வருசம் சும்மா கிடந்துருக்கே. உள்ள துருப் பிடிச்சு இறுகிப் போயிருக்கும். அசைக்கவே முடியாது."

"நடக்க விட்டுப் பாருங்க மாமா" என்று பிரதீபா கைப்பிடியை நீட்டினாள்.

எஞ்சின் இறுகித்தான் இருக்கும் என்ற நினைப்பில் அவர் பலமெல்லாம் கூட்டி ஒரு சுற்றுச் சுற்றினார். எஞ்சின் வழுக்கிக்கொண்டு சுழன்றது. பட்! பட்! என்று துணி உருண்டைகள் பறந்தன. ஒன்று கோழியை விரட்டியது. ஒன்று பாண்டித்துரையின் தராசுத் தட்டில் போய் விழுந்தது. நான்கு வாய்களிலிருந்தும் எண்ணெய் பீறிட்டுச் சதீஷின் புதுச் சட்டையில் கோலம் போட்டது.

"அய்யோ, என் சட்டை!"

"அது ஏப்பம் விடுதுங்கண்ணா" என்றாள் பிரதீபா.

சூசையப்பன் சட்டையைப் பார்க்கவில்லை. எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தார். "விளக்கெண்ணெயா? யாரு ஊத்துனது?"

"நான்தானுங்க. பசிக்குமேன்னு."

அவர் எஞ்சினை மறுபடி ஒருமுறை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். "நீ ஊத்தலைன்னா இது வெறும் இரும்புதான் தாயி" என்றார். "விலை பேசுவோமா அண்ணாச்சி?"

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து, இருவர் கைகளையும் சேர்த்து மூடினார்.

"இது என்ன அண்ணாச்சி, கைரேகை பாக்கியளா?"

"சந்தையில இப்படித்தானுங்க" என்று பிரதீபா விளக்கினாள். "துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு வெலை சொல்லோணும். நாலு பேரு முன்னால சொன்னா, கொறைச்சுக் கேக்குறவங்களுக்குக் கூச்சமா இருக்குமில்லீங்களா?"

துண்டுக்குள் விரல்கள் அசைந்தன. பாண்டித்துரை கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். துண்டுதான் தெரிந்தது. சூசையப்பன் தலையாட்டினார். அப்பா தலையாட்டினார். பிறகு மகளைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

மருதாணி விலை! பிரதீபா ஓடிப்போய்ப் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

எஞ்சினை லாரியில் ஏற்றப் போகும்போது சூசையப்பன் குனிந்து அதன் விலாவைத் தடவினார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"போட்டோவுல இங்க ஒரு தகடு இருந்துச்சே?"

பிரதீபா அம்மாவின் அருகே நகர்ந்தாள்.

"எஞ்சின் நம்பர் அதுலதான் இருக்கு அண்ணாச்சி. ஆர்.டி.ஓ. ஆபீசுல அந்தத் தகட்டைக் காட்டுனாத்தான் வண்டியை ரோட்டுல விடச் சம்மதிப்பாங்க. அது இல்லைன்னா, பேசுன விலை எனக்குக் கட்டாது. பாதிதான் தர முடியும்."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா சாமி மாடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பாண்டித்துரை அப்பாவின் காதருகே வந்தார். "தகடு வீட்டுக்குள்ளதான் இருக்கும் போலண்ணே. அது இல்லாம அவரால போக முடியாது. அதுக்குத் தனியா ஒரு விலை போடுங்க. குடுத்துத்தான் ஆகணும்."

அவர் மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தார். எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

பிரதீபா கன்றைப் பார்த்தாள். அது தாயின் மடியை முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

அவள் அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, நாம தப்பா நினைச்சுட்டோமுங்க. அது கயிறில்ல."

"பொறவு?"

"கன்னுக்குட்டிங்கம்மா. அது இல்லாம எஞ்சின் போனா, அங்க போயும் சும்மாதான் நிக்கும். தாயையும் கன்னையும் நாம பிரிக்க மாட்டோமில்லீங்களா?"

அம்மா தயங்கினாள். "சாமிகிட்ட வெச்சுட்டேனே கண்ணு."

"சாமிகிட்டச் சொல்லிட்டு எடுக்கலாமுங்கம்மா. கன்னுன்னு சொன்னா லச்சுமி வேண்டாமுன்னா சொல்லுவாங்க?"

அம்மா உள்ளே போனாள். கை கூப்பி ஏதோ முணுமுணுத்தாள். திரும்பி வந்தபோது தகடு அவள் உள்ளங்கையில் குங்குமத்தோடு மின்னியது.

சூசையப்பன் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "இதுக்கு எவ்வளவு எடுத்து வைக்கட்டும் அண்ணாச்சி?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "கன்னுக்குத் தனி வெலை இல்லீங்க."

பாண்டித்துரை தன் தராசைப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, "பிடிங்க, நானும் ஒரு கை குடுக்கேன்" என்று எஞ்சினைத் தூக்க வந்தார்.

ஆனால் அம்மாவின் முகம் இன்னும் தெளியவில்லை. மாடம் வெறுமையாக இருக்கிறதே!

அதைப் பிரதீபா கவனித்தாள். எஞ்சினை மூலையில் இத்தனை காலம் தூணோடு கட்டி வைத்திருந்த கயிறு, எண்ணெயும் அழுக்குமாகத் தரையில் கிடந்தது. அவள் அதை எடுத்து நீட்டினாள்.

"எஞ்சினுக்குக் கயிறு ஏதுன்னு கேட்டீங்களே. இதானுங்கம்மா."

அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதைச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டித்தான் சாமிகிட்ட வெக்கோணும்!"

லாரி கிளம்பும் முன் பிரதீபா ஒரு புட்டி விளக்கெண்ணெயைச் சூசையப்பனிடம் கொடுத்தாள். "வெள்ளிக்கிழமை மறந்துராதீங்க மாமா."

"இனி இவனுக்கு பெட்ரோல் சாப்பாடு தாயி. ஆனாலும் வச்சுக்கிடுதேன். வழியில கேட்டான்னா?"

மறுநாள் சந்தை நாள். அப்பா பொள்ளாச்சிக்குத் தனியாகப் போய்ப் புது மோட்டாரோடு வந்தார். தக்காளிப் பாத்திகளில் தண்ணீர் சலசலவென்று ஓடியது.

பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சூசையப்பன் அழைத்தார். "கேளு தாயி, கேளு!" என்றார். பின்னால் டபடபவென்று ஒரு சத்தம். மலைப்பாதையில் அந்தக் கார் ஏறிக்கொண்டிருந்தது.

பிரதீபா போனை மருதாணியின் காதில் வைத்தாள். "நம்ம மூலைக்காரன் பேசறான். நாலு வாயாலயும் பேசறான்."

மருதாணி காதை ஆட்டிக் கேட்டாள். கன்றுக்குட்டி மட்டும் போனை ஒருமுறை நன்றாக நக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் தாயிடம் பால் குடிக்கப் போய்விட்டது.