ஒன்றரை அடி

பன்னிரண்டடி அறை பத்தரை அடியாக இருந்தது. தச்சர் டேப்பைச் சுருட்டி, மறுபடி இழுத்து, சுவரோரம் மண்டியிட்டுப் பார்த்தார். அதே பத்தரை. முப்பது வருஷத் தொழிலில் அவர் அளவு ஒரு நூல் பிசகியதில்லை. சோற்றுத் தட்டைக்கூட மனுஷன் கண்ணால் அளந்துவிட்டுத்தான் சாப்பிடுவார் என்று மனைவி கேலி செய்வாள். ஏலத்துக்கு முன்னால் வீடு பார்க்க வந்தபோது இதே டேப்பால் அளந்து, அந்த அளவுக்குத்தான் மகளுக்குக் கட்டிலும் மேசையும் அலமாரியும் செய்திருந்தார். இப்போது மேசைக்கு இடம் இல்லை.

நாலு மணிக்கு மனைவியும் மகளும் வருகிறார்கள். சொந்த வீடு, பிள்ளைக்கென்று ஓர் அறை, இரண்டும் இருந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் ஆளை விடுங்கள் என்று தாய்வீடு போனவள் அவள். இரண்டு வருஷமாக மகளை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்த்துப் பார்த்து அவருக்குக் கண் பூத்துவிட்டது. இன்று ஏதாவது கோணலானால் மகளை வாசலோடு திருப்பிக் கூட்டிப் போய்விடுவாள்.

வீட்டைக் கட்டிப் பார் என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். இன்னொருவன் கட்டிய வீட்டிலிருந்து அவனைக் கிளப்பிப் பார் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. கடனுக்காக வங்கி ஏலம் விட்ட வீடு இது. முந்தின சொந்தக்காரர் ஒரு கொத்தனார். கல் கல்லாகத் தன் கையாலேயே எடுத்த வீடு. காலி செய்ய உத்தரவு வந்த பிறகும் மனைவியோடும் பத்து வயதுப் பெண்ணோடும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தார். பெண்ணுக்குப் பரீட்சை முடியட்டும், ஒரே மாதம் என்று கெஞ்சினார். தச்சர் மசியவில்லை. மின்சாரத்தை வெட்டச் செய்தார். தண்ணீர்க் குழாயை அடைத்தார். அவர்கள் தெருமுனையிலிருந்து குடத்தில் சுமந்தார்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று, ஒரு காலையில் திருப்புளியோடு வந்து வீட்டுக் கதவுகள் அத்தனையையும் கழற்றினார்.

குளியலறைக்குள் கொத்தனாரின் மனைவி இருந்தாள். ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கடைசிக் கீல் கழலும் வரை அப்படியே நின்றாள். தச்சருக்கு அப்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஆனால் கை நிற்கவில்லை.

கொத்தனார் மட்டும் நிதானமாகச் சொன்னார். "எடுத்துட்டுப் போங்கண்ணே. கதவு உங்க வேலை. சுவர் என் வேலை."

இதைப் பட்டறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் தச்சர். மூன்றாம் நாள் வீடு காலி. எதிர்வீட்டுத் தையல்காரம்மா, விடியற்காலையிலிருந்து ஜன்னலோரம் மிஷினில் உட்கார்ந்திருப்பவள், உள்ளே செங்கல்லும் சிமெண்டும் போனதைப் பார்த்தேன், ஆள் வெளியே போனதைப் பார்க்கவில்லை என்றாள். ராத்திரியோடு ராத்திரியாக ஓடியிருப்பான் என்று சொல்லிவிட்டுத் தச்சர் கதவுகளைத் திரும்ப மாட்டினார்.

இப்போது அறையின் பின்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற மூன்று சுவர்களிலும் பழைய பச்சை வர்ணம் உரிந்து, பிள்ளையின் பென்சில் கிறுக்கல்களும் எண்ணெய்த் தலை சாய்ந்த கறைகளுமாக இருக்க, அது ஒன்று மட்டும் வெள்ளை வெளேரென்று, மழைக்குப் பின் வரும் மண்வாசனையும் காரச் சுண்ணாம்பு நெடியும் கலந்து, மத்தியான வெயிலிலும் சில்லென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உள்ளங்கையை வைத்தார். ஈரம். பிளைவுட்டில் உள்ளே பொள்ளல் இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கத்தில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது.

"யாரு?" என்று கேட்டதே அவர் குரல் மாதிரி இல்லை.

"நாங்கதான் காலி பண்ணிட்டோமே அண்ணே," என்றது கொத்தனாரின் குரல். காதுக்குப் பக்கத்தில், கடையில் பேசுகிற மாதிரி. அதற்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை தண்ணீர் கேட்டாள். யாரோ அவளை அதட்டி அடக்கினார்கள்.

சுத்தியல் கையில்தான் இருந்தது. ஓங்கி நாலு போட்டால் புதுச்சுவர் பொலபொலவென்று விழுந்துவிடும். மணி மூன்றேகால். சுவர் விழுந்தால் போலீஸ் வரும், தெரு கூடும், வீட்டுக்குச் சீல் வைப்பார்கள். பெட்டியோடு வருகிறவள் வாசலில் நின்று பார்ப்பாள். அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

அலமாரியை இழுத்துவந்து அந்தச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். டிரில் மிஷினை எடுத்தார். முதுகுப் பலகை வழியாகச் சுவருக்குள் எட்டுத் துளை. மூன்றாவது துளையில் உள்ளே யாரோ சட்டென்று மூச்சை இழுத்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவதைப் போட்டார். எட்டு ஸ்க்ரூவையும் இறுக்கி முடித்தபோது தட்டுகிற சத்தம் வெளியே கேட்கவில்லை. தான் செய்தது என்னவென்று அவருக்குத் தெரியும். கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

சொன்னபடி வந்தார்கள். மனைவி அடுப்படியைத் திறந்து பார்த்து, பரவாயில்லையே என்றாள். இரண்டு வருஷத்தில் அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. மகள் மஞ்சள் கவுன் பறக்க அறை அறையாக ஓடினாள்.

"அப்பா, நான் ஒளிஞ்சுக்கிட்டேன்! கண்டுபிடிங்க!"

குரல் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

ஓடினார். அலமாரிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சத்தம். மரத்துக்குள் ஸ்க்ரூ திரும்புகிற கிரீச். அவருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். ஒன்று கழன்றது. அடுத்தது. அடுத்தது. கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. அலமாரிச் சட்டத்தில் காலை ஊன்றி இழுத்தார். மகள் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. பிறகு சாந்தில் கரணை தேய்க்கிற சரக்சரக். வேகமாக. பழகின கை.

"ஏங்க, பாப்பா எங்க?" அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

கதவு பிடுங்கிக்கொண்டு திறந்தது.

முதுகுப் பலகை இல்லை. ஈரச் சுவர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, சாந்தில் சிக்கி, மஞ்சள் கவுனின் ஓரம் ஒரு சாண் வெளியே தொங்கியது. அது மெல்ல, விரல் விரலாக, உள்ளே போய்க்கொண்டிருந்தது.