இரண்டு மணிக் கரண்ட்

பெய்ரூட்டின் புர்ஜ் ஹம்மூத் பகுதியில், நைரி குடியிருந்த கட்டடத்துக்கு அடியில் ஒரு கார் கொட்டகை உண்டு. அங்கேதான் 'ஈரச்சுவர்' இசைக்குழு ஒத்திகை பார்க்கும். குழுவில் மூன்றே பேர். அந்தக் கொட்டகைச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்கள், ஏன் இந்தப் பெயர் என்று கேட்கமாட்டார்கள்.

"உங்க ரசிகர்கள் எத்தனை பேர் இருப்பாங்க?" என்று யாராவது கேட்டால், டிரம் வாசிக்கும் ஹ்ராக், "எங்கம்மாவையும் சேத்து முந்நூறு பேர்" என்பான்.

அந்த முந்நூறு பேரில் தான்தான் முதல் ஆள் என்பது பதினோரு வயது நைரியின் கட்சி.

அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெயர் 'லிஃப்ட் ஓடாது'. அதில் ஒன்பது பாட்டுகள். நைரி அவற்றை எப்போதும் வரிசையாகத்தான் கேட்பாள்.

"எனக்குப் பிடிச்ச மூணாவது பாட்டை மட்டும் போடேன்டி" என்பார் அம்மா.

"அப்படி நடுவுல நுழையக் கூடாதும்மா. ஆல்பம்னா முதல்ல இருந்து கேக்கணும்."

"அதுக்குள்ள சாப்பாடு ஆறிடும்."

"மொத்தமே முப்பத்திநாலு நிமிஷந்தான்."

இவ்வளவு இருந்தும், நைரி ஒரு கச்சேரியைக்கூட நேரில் பார்த்ததில்லை. எல்லாமே பெரியவர்கள் போகும் இடங்களில் நடந்தன. இப்போதுதான் முதல்முறையாக, இரண்டாவது ஆல்பத்தின் வெளியீடு பக்கத்துத் தெருப் பள்ளி முற்றத்தில், சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு என்று முடிவாகியிருந்தது. பாடகி கரீன் அவளிடமே வந்து சொன்னாள்: "முன்வரிசையில உன் முகம் தெரியணும், சரியா?"

நைரி அன்றிலிருந்து நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்ததும், வழக்கம்போல அடித்தளப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒத்திகையைக் கேட்டாள். புதுப் பாட்டு பாதிதான் வந்திருக்கும். பின்னாலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது.

கொட்டகைக்கு நேர் மேலே, தரைத்தளத்தில் குடியிருக்கும் சோசி ஆன்ட்டி படியிறங்கி வந்தார். அவர் குழந்தைகள் மருத்துவமனையில் இரவு நேர நர்ஸ். தலைமுடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, கண்கள் சிவந்திருந்தன.

"மூணு நாளா நான் தூங்கல" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "நாளைக்கு இந்த டிரம் சத்தம் கேட்டுச்சுன்னா, கட்டடக்காரர்கிட்ட சொல்லி பூட்டு போடச் சொல்லிடுவேன்."

கரீன் கிட்டாரைக் கீழே வைத்தாள். "ஆன்ட்டி, இந்த வாரம் மதியம் ரெண்டுல இருந்து நாலு வரைக்குந்தான் கரண்ட். அப்ப வாசிச்சாத்தான் உண்டு."

"எனக்கும் அப்பத்தாம்மா ஃபேன் ஓடும். இந்தப் புழுக்கத்துல ஃபேன் இல்லாம நான் எப்படித் தூங்கறது?"

சோசி ஆன்ட்டி போனதும் ஹ்ராக் குச்சிகளைப் பையில் போட்டான்.

"நாலு புதுப் பாட்டு இன்னும் சரியா வரல" என்றாள் கரீன். "ஒத்திகை இல்லாம மேடை ஏற முடியாது. சனிக்கிழமை வேண்டாம்னு பள்ளிக்கூடத்துல சொல்லிடலாம்."

நைரிக்கு சோசி ஆன்ட்டி மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடேயே போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஒரு நாலு நாள் மட்டும் பொறுத்துக்கக் கூடாதா ஆன்ட்டி? அவங்க எவ்வளவு நல்லா வாசிக்கிறாங்க தெரியுமா?"

சோசி ஆன்ட்டி அவளைத் திட்டவில்லை. "உள்ள வா. கட்டில்ல படு" என்றார்.

நைரி திருதிருவென விழித்தாள்.

"படுன்னா படு."

படுத்தாள். சோசி ஆன்ட்டி சன்னல் வழியாகக் குனிந்து, "ஏம்ப்பா, ஒரே ஒரு நிமிஷம் வாசி" என்று கீழே குரல் கொடுத்தார்.

ஹ்ராக் வாசித்தான். கட்டில் அதிர்ந்தது. மேசைமேல் இருந்த தம்ளரில் தண்ணீர் நடுங்கியது. டிரம் காதுக்குள் கேட்கவில்லை, பல்லுக்குள் கேட்டது. பாட்டும் இல்லை, கிட்டாரும் இல்லை, வெறும் இடி.

"இது எந்தப் பாட்டுன்னு சொல்லு பாப்போம்" என்றார் சோசி ஆன்ட்டி.

எல்லாப் பாட்டையும் தலைகீழாகச் சொல்லக்கூடிய நைரிக்குத் தெரியவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

"ராத்திரி பூரா பன்னெண்டு குழந்தைங்களப் பாத்துக்கறேன்" என்றார் சோசி ஆன்ட்டி. "தூக்கக் கலக்கத்துல மருந்து மாத்திக் குடுத்துடுவேனோன்னு பயமா இருக்குடா."

நைரி படியேறி வீட்டுக்கு வந்தாள். நான்காவது மாடி, பின்பக்கம். அவள் அறையில் ஒத்திகைச் சத்தம் துளிகூடக் கேட்காது. அதனால்தானே அவள் தினமும் இறங்கிப் போய்ப் படிக்கட்டில் உட்காருகிறாள்.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது.

அம்மா வேலையிலிருந்து வந்ததும் கேட்டாள். அம்மா யோசித்தார். "நல்ல யோசனைதான். ஆனா முதல்ல அந்த ரூமை மனுஷங்க படுக்கிற மாதிரி ஆக்கு."

நைரி விரிப்பை மாற்றினாள், கட்டிலுக்கு அடியிலிருந்து ஏழு காலுறைகளை எடுத்தாள், அதில் ஜோடி சேர்ந்தது இரண்டுதான். சன்னலுக்கு அடர்த்தியான துணி கட்டினாள். தன் அறையில் வேறு யாரும் படுப்பதை நினைத்தால் கொஞ்சம் என்னவோபோல் இருந்தது. ஆனாலும் தலையணையைத் தட்டி வைத்தாள்.

புதன்கிழமை பள்ளி அரைநாள்தான். நைரி கூப்பிட்டிருந்தபடி, மதியம் இரண்டு மணிக்கு சோசி ஆன்ட்டி மூச்சு வாங்க நாலு மாடி ஏறி வந்தார். அறைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். நாலு சுவரிலும் 'ஈரச்சுவர்' படங்கள். கட்டிலுக்கு நேர் எதிரே கரீன்.

"இந்தப் பொண்ணு என்னை முறைக்குதே."

"முறைக்கல ஆன்ட்டி. அது சோகப் பாட்டு."

"அப்படியா? எதுக்கும் மூடி வை."

நைரி கரீன் முகத்தின் மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டாள். ஃபேன் சுற்றத் தொடங்கியது. அவள் கதவைச் சாத்துவதற்குள் சோசி ஆன்ட்டி குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.

நைரி கீழே ஓடினாள். கரீனும் மற்றவர்களும் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாசிங்க" என்றாள் நைரி. "ஆன்ட்டி என் ரூம்ல தூங்கறாங்க. நாலு மணி வரைக்கும் எழுந்திருக்க மாட்டாங்க."

ஹ்ராக் கரீனைப் பார்த்தான். "நமக்கு இது ஏன் தோணல?"

"நாம யாரும் அவங்க வீட்டுக்குப் போய்ப் பாக்கல, அதான்" என்றாள் கரீன்.

சனிக்கிழமை வந்தது. பள்ளியின் ஜெனரேட்டர் ஓட, முற்றத்தில் நூறு பேருக்குமேல் கூடியிருந்தார்கள். நைரி முன்வரிசையில் நின்றாள். 'லிஃப்ட் ஓடாது' ஆல்பத்தின் முதல் பாட்டோடு கச்சேரி தொடங்கியதும் அவளுக்குப் பாட மறந்தே போயிற்று. சத்தம் தரையிலிருந்து கால் வழியாக ஏறி நெஞ்சுக்குள் வந்து நின்றது. பக்கத்தில் இருந்த முகம் தெரியாதவர்கள் எல்லாம் கரீனோடு சேர்ந்து ஒவ்வொரு வரியையும் பாடினார்கள். இத்தனை பேருக்கு இது தெரியுமா என்று வியந்துபோய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மூன்றாவது பாட்டின்போது யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். நர்ஸ் உடுப்பில் சோசி ஆன்ட்டி. இரண்டு காதிலும் பஞ்சு.

"வேலைக்குப் போற வழி" என்று சத்தமாகச் சொன்னார். "சும்மா பாத்துட்டுப் போறேன். கேக்க வரல."

நான்காவது பாட்டு மெதுவாகத் தொடங்கியது. கரீன் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். சோசி ஆன்ட்டி ஒரு காதிலிருந்து மட்டும் பஞ்சை எடுத்தார்.

நைரி ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"என்னை எதுக்குப் பாக்கற? நேரா பாரு" என்றார் சோசி ஆன்ட்டி.

ஐந்தாவது பாட்டு தொடங்குவதற்குள், மற்றொரு காதிலிருந்த பஞ்சும் அவர் பைக்குள் போயிருந்தது.