இல்லாத பக்கம்

உம்மு சல்மாவின் முகத்தில் அன்று ஒரு கண்தான் இருந்தது.

மரியசெல்வம் கண்களைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். காரைக்கால்மேட்டில் அவன் மீன்கடைக்குப் பல வருடமாக வருகிறவள். மூக்குவரை முகம் இருந்தது. அதற்கு இடப்புறம் எதுவும் இல்லை. இருட்டுகூட இல்லை. உலகம் அந்த இடத்தோடு முடிந்துவிட்டது போலிருந்தது.

"என்னண்ணே அப்புடிப் பாக்குறீங்க? நடுத்துண்டா ரெண்டு கிலோ போடுங்க."

"ஒண்ணுமில்ல தங்கச்சி. கண்ணு கூசுது."

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கூட்டம் நெருக்கியது. ஐஸ் உருகிச் சொட்டும் ஓசையும், ஈக்களின் இரைச்சலும், மீன் ரத்தத்தின் கவிச்சியும் எப்போதும்போலவே இருக்க, இடப்பக்கத்திலிருந்து மட்டும் ஆளில்லாத குரல்கள் விலை கேட்டன. மூன்று மாதமாக விடாத இருமல் நெஞ்சைப் பிய்த்தது. ஐஸ் குளிர்ச்சி என்று அதை இதுவரை அவன் பொருட்படுத்தவில்லை.

"நீங்க ஒக்காருங்க, நான் வெட்டுறேன்," என்றாள் மனைவி ஆன்லின்.

"சும்மா இரு. வாலைப் புடி."

அவள் இடப்புறம் போனாள். காணாமல் போனாள்.

கட்டையில் பெரிய வஞ்சிரம் கிடந்தது. பாதி மீன். அதற்கப்பால் வெறுமை. பாதி எங்கே முடிகிறதோ அங்கே கத்தியை ஓங்கினான்.

முள் முறிந்தது. முழுதாக அறுபடவில்லை. மீன் வலப்புறம் வழுக்கி வந்தது. மறுபடி ஓங்கினான்.

அலறல். யாருடையது? எங்கிருந்து? முகத்தில் ஏதோ சூடாகத் தெறித்தது. மீன் ரத்தம் சுடாதே.

தலையைத் திருப்பினான். அப்போதுதான் வால் தெரிந்தது. வாலைப் பிடித்திருந்த விரல்களும் தெரிந்தன. நான்கு. கை இல்லாமல்.

ஆஸ்பத்திரியில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் கதவில் மோதி விழுந்தான். அதைப் பார்த்த டாக்டர் அவனையும் ஸ்கேனுக்கு அனுப்பினார்.

"நுரையீரல்ல புத்துநோய்க் கட்டிங்க. மூளைக்கும் பரவியிருக்கு. இடப்பக்கப் பார்வை போனது அதனாலதான். மிச்சமும் எப்ப வேணா போகலாம்."

மறுநாள் ஆன்லின் அவன் கட்டிலுக்கு வலப்புறம் வந்து உட்கார்ந்தாள்.

"அழாதீங்க. தெரிஞ்சா செஞ்சீங்க? என்னையப் பாருங்க."

பார்த்தான். அவள் நெற்றி இல்லை. இமைத்தான். கண்கள் போயின. மூக்கு போனது.

"என்னங்க? ஏன் கத்துறீங்க?"

அவன் முன்னால், முகமே இல்லாத இடத்தில், ஒரு வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.