திலக்சனின் சாப்பாட்டுப் பெட்டி

அன்று பிரசாந்தன் அந்த நீலச் சாப்பாட்டுப் பெட்டியைத் தொடவே இல்லை. கடவுள் சத்தியமாகத் தொடவில்லை. ஆனால் பகல் பன்னிரண்டரைக்குத் தன் தண்ணீர்ப் போத்தலை எடுக்க அலுவலகப் பிரிட்ஜைத் திறந்தபோது, நடுத்தட்டில் இருந்த பெட்டி கை பட்டதும் பாரமில்லாமல் நகர்ந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தான். ஒரு பருக்கை இல்லை. அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். கரித்தது.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு முன்னால், கப்பலில் வரும் சாமான்களுக்குச் சுங்கப் பத்திரம் தயாரித்துக் கொடுக்கும் சின்ன அலுவலகம் அது. மேல்மாடியில் நான்கு மேசை, பின்னால் குசினி என்று பெயர் வைத்துக்கொண்ட ஒடுங்கிய அறை, அதற்குள் ஒரு பழைய பிரிட்ஜ். நீலப் பெட்டி, தேநீர் போட்டுக் கூட்டித் துடைக்கும் கோணேஸ்வரி அக்காவுடையது. சல்லிக் கிராமத்திலிருந்து காலை பஸ்ஸில் வரும்போது இரண்டு பெட்டி கொண்டுவருவாள். சிவப்பு அவளுக்கு. நீலத்தைத் திறந்து அவள் சாப்பிட்டதை அவன் ஒருநாளும் கண்டதில்லை.

பிரசாந்தன் திரியாய் ஊர்க்காரன். டவுனில் அறை எடுத்துத் தங்கி, கடைப் பார்சலோடு காலம் தள்ளுகிறவன். வைகாசியில் ஒருநாள், அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து நீலப் பெட்டியின் மூடியைக் கொஞ்சம் திறந்தான். புளியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த மீன்குழம்பு வாசம் முகத்தில் அடித்தது. ஒரு துண்டு மட்டும் என்றுதான் தொடங்கினான். அடுத்த நாளே முழுப் பெட்டியையும் வழித்துத் தின்றுவிட்டு, முள்ளை மட்டும் மூடிக்குள் ஒழுங்காக ஒதுக்கி வைத்து மூடினான். இரண்டு பெட்டி கொண்டுவருகிறவளுக்கு ஒன்று போனால் என்ன என்று தனக்குத் தானே நியாயமும் சொல்லிக்கொண்டான். யாரும் சத்தம் போடவில்லை. நாற்பது நாள் தின்றான்.

பிறகு ஒருநாள் கோணேஸ்வரி அக்கா அவன் மேசையில் தேநீரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவன் அதுவரை பார்த்ததில்லை.

“தம்பி, ஒருத்தருக்கும் சொல்லாதீங்கோ. திலக்சன் வந்து சாப்பிடுறான்.”

திலக்சன் அவளுடைய ஒரே மகன். மார்கழியில் கடலுக்குப் போனான். படகு மட்டும் திரும்பி வந்தது. அதற்கு முன்பு துறைமுகத்தில் கூலி வேலை செய்த காலத்தில், ஒவ்வொரு பகலும் இந்தக் குசினிக்கு வந்து இதே நீலப் பெட்டியில்தான் சாப்பிடுவானாம். உடல் கிடைக்கவில்லை. அதனால் எட்டாம் நாள் படையலும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இல்லை. அவற்றைச் செய்தால் மகன் செத்துவிட்டான் என்று தானே கையெழுத்து வைத்த மாதிரி ஆகிவிடும் என்று பிடிவாதமாக இருந்தாள். தினமும் சோறு கட்டி வந்து, பின்னேரம் வரை காத்திருந்து, அதைக் கடலில் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். கடைசியில் அவளுடைய தமையன் கெஞ்சிக் கெஞ்சி, ஆவணி பிறந்ததும் சடங்குகளைச் செய்து முடிக்க அரைமனதாகச் சம்மதித்திருந்தாள். அந்த நேரத்தில்தான் பெட்டி காலியாகத் தொடங்கியது.

“முள்ளை மூடிக்குள்ள ஒதுக்கி வைக்கிறது அவன்ர பழக்கம், தம்பி. எனக்குத் தெரியாதே?”

தமையனிடம் இனி ஒரு சடங்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். பிரசாந்தன் தேநீரைத் தள்ளி வைத்தான். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தான். வெட்கம் விடவில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. நல்லது அக்கா என்று மட்டும் சொன்னான். நாற்பது நாள் தின்ற சோற்றைவிட அந்த இரண்டு சொல் பெரிய களவு என்று அவனுக்கே தெரிந்தது. அன்றிரவு ஒரு வாய் உணவும் உள்ளே இறங்கவில்லை.

இனிப் பெட்டியைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தான். சோறு மிஞ்சினால் அவளுக்குத் தானாகவே விளங்கும், தமையன் சடங்கைச் செய்வார், தான் வாய் திறக்கவே தேவையில்லை. கோழைக்கு ஏற்ற யோசனைதான். மறுநாள் பெட்டிக்குள் உப்புத் தண்ணீர் நின்றது.

அதற்கடுத்த நாளும் பெட்டி காலி. அதற்கடுத்த நாளும். மூடிக்குள் முள் இல்லை, எங்கேயுமே இல்லை. முள்ளோடு தின்னும் பசி யாருடையது என்று யோசிக்காமல் இருக்கப் பார்த்தான். நாற்பது நாள் கடலுக்குச் சோறு போகவில்லை என்பது மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. கோணேஸ்வரி அக்கா, மகனுக்குப் பசி கூடிவிட்டது என்று சந்தோசமாகப் பெரிய பெட்டி வாங்கினாள். அதுவும் நீலம்.

வெள்ளிக்கிழமை பகல். மற்ற எழுத்தர் பாயிஸ் ஜும்மாவுக்குப் போயிருந்தான், முதலாளி கொழும்பில். மின்சாரம் நின்றது. மின்விசிறி மெல்ல மெல்ல ஓய, துறைமுகத்தில் சங்கிலி இழுபடும் சத்தமும், வெயிலில் கூரைத் தகரம் நெளியும் சத்தமும், வீதியில் ஓட்டோ ஒன்று போகும் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிப்போக, டீசலும் கருவாடும் கலந்த வழக்கமான காற்றுக்குள் அழுகிய கடற்பாசி நாற்றம் ஒன்று குசினிப் பக்கமிருந்து தரையோடு தரையாக வந்து அவன் காலடியில் தேங்கியது. அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம். எதையோ கடித்து மெல்லுகிற சத்தம்.

எழுந்து குசினி வாசலுக்குப் போனான். பிரிட்ஜ் மூடியிருந்தது. சத்தம் அதற்குள்ளேயிருந்து வந்தது.

கோணேஸ்வரி அக்கா சின்ன மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் கையில் இரண்டு பீங்கான் தட்டு. இனி ஏலாது. சொல்லிவிட்டான்.

“அக்கா, நான்தான் சாப்பிட்டனான். நாற்பது நாளும் நான்தான். திலக்சன் வரேல்ல.”

அவள் கோபப்படவில்லை. பீங்கான் இரண்டையும் மேசையில் வைத்தாள்.

“ஓம் தம்பி, தெரியும். அவன் சொன்னவன்.” பிரிட்ஜைத் திறந்து பெட்டியை எடுத்து, மிச்சமிருந்த சோற்றை இரண்டிலும் போட்டாள். “இருங்கோ. இண்டைக்கு ரெண்டு பேரும் ஒண்டா இருந்து சாப்பிடுங்கோ.”

ஓடியிருக்கலாம். படி பக்கத்தில்தான். ஆனால் அவள் முகத்துக்கு முன்னால் ஓட அவனுக்குத் துணிவு வரவில்லை. உட்கார்ந்தான்.

பக்கத்துக் கதிரை தானாகப் பின்னுக்கு இழுபட்டது. தரையில் ஈரம். கதிரைக் காலைச் சுற்றி ஈரம். நாற்றம்.

பக்கத்துப் பீங்கானில் சோறு குறைந்தது. மீன் குறைந்தது. முள் நொறுங்கியது. காலி.

பிறகு அவனுடைய பீங்கான். அதுவும் காலி.

இப்போது விரல்கள் தெரிந்தன. ஊறி வெளுத்த விரல்கள். வெறும் பீங்கானைத் தடவின. மேசையைத் தடவின. பிரசாந்தனின் வலது கையைக் கண்டன. நின்றன.

கோணேஸ்வரி அக்கா நீலப் பெட்டியின் மூடியைத் திருப்பி, நடுவில் வைத்தாள்.

“ஆறுதலாச் சாப்பிடு மோனே,” என்றாள். “எலும்பை இதில ஒதுக்கி வை.”