பழைய பிரவுசரில் ஒரு கடிதம்

காலை 10.20. ஓய்வுபெற்ற சர்வேயர் தன் கம்ப்யூட்டர் முன்னால், நாற்காலியில் தலை சாய்ந்து செத்துக் கிடந்தார். மேசையில் காலியான தூக்க மாத்திரை அட்டை. திரையில், வெளியூரில் இருக்கும் தங்கைக்கு 7.40க்கு அனுப்பிய மின்னஞ்சல்: ‘கேட்க நாதியில்லாத பிழைப்பு போதும். யாரையும் குறை சொல்லவில்லை.’

“தற்கொலைன்னு எழுதிடலாமா மேடம்?” என்றார் ஏட்டு.

இன்ஸ்பெக்டர் அந்த மின்னஞ்சலை இன்னொரு தடவை படித்தாள். தங்கைக்காரி அதற்குள் ஏழு தடவை போன் செய்துவிட்டாள். ஏழு தடவையும் ஒரே அழுகை. “கோவத்துல ரெண்டு மாசமா பேசாம இருந்துட்டேங்க. என்னாலதான் அண்ணன் போயிட்டார்.”

பிணத்தை முதலில் பார்த்தவர் செத்தவரின் மச்சினர். காலமான மனைவியின் தம்பி. இரண்டு தெரு தள்ளி வீடு. மாற்றுச் சாவி அவரிடம் மட்டும்தான்.

“கடைசியா எப்பப் பார்த்தீங்க?”

“நேத்து சாயங்காலம். தினமும் வருவேங்க. அத்தானுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. பக்கத்துல உட்கார்ந்து நெட்ல செய்தி படிச்சுக் காட்டுவேன்.”

“இதே கம்ப்யூட்டர்லயா?”

“ஆமா. மெயில் முதற்கொண்டு எல்லாம் நான் போட்டுக் கொடுத்ததுதான்.”

“இன்னைக்குக் காலையில?”

“பத்து மணி வரைக்கும் வீட்டை விட்டு நகரல.”

11.15. அடுத்த வீட்டுத் தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

“காலையில ஏதாவது சத்தம் கேட்டுச்சா?”

“எப்பவும் கேக்கற குரல்தான். யாரோ ஒரு பொம்பளை, மூணு வாரமா தினம் காலையில அவருக்குப் பேப்பர் படிக்கிறா. இன்னைக்கு ஏழு இருபது இருக்கும், பாதியில டக்குன்னு நின்னுடுச்சு.”

“அவங்களைப் பார்த்திருக்கீங்களா?”

“இல்லீங்க. துணைக்கு ஆள் வந்தாச்சேன்னு நானும் எட்டிப் பார்க்கறதை விட்டுட்டேன்.”

இன்ஸ்பெக்டர் திரும்பிப் போய் வீட்டைச் சல்லடை போட்டுத் தேடினாள். ஒரு தட்டு. ஒரு டம்ளர். வாசலில் ஒரு ஜோடி செருப்பு. வேறொருவர் வந்து போன அடையாளமே இல்லை.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அதில் இரண்டு பிரவுசர்கள் இருந்தன. மின்னஞ்சல் திறந்திருந்தது பழையதில். எழுத்து எறும்பு எறும்பாய் இருந்தது. அதன் பழைய பதிவுகளைப் புரட்டினாள். இன்றைய மின்னஞ்சலுக்கு முந்தைய பதிவு, இருபத்து மூன்று நாளுக்கு முன்னால்: ‘சத்தமாக வாசித்துக் காட்டும் பிரவுசர்.’ அப்படித் தேடியிருந்தார் சர்வேயர்.

புதியதைத் திறந்தாள். ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் பருமன். அன்றிலிருந்து செய்தியானாலும் மெயிலானாலும் எல்லாம் இதில்தான். கடைசிப் பதிவு இன்று காலை 7.18. வாசிக்கும் பொத்தானை அழுத்தினாள். ஒரு பெண்குரல் அறையெங்கும் நிறைந்தது.

“இதேதாங்க, இதே குரல்தான்!” என்றாள் வாசலில் நின்ற தையல்காரம்மா.

இன்ஸ்பெக்டர் சட்டென்று நிறுத்தவில்லை. தன் வீட்டிலும் ரேடியோவை அணைக்காமலே கிளம்பி வருகிறவள் அவள். திரும்பிப் போகும்போது உள்ளே யாரோ பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

2.40. ஸ்டேஷன்.

“நேத்து எந்த பிரவுசர்ல படிச்சுக் காட்டினீங்க?”

மச்சினர் விழித்தார். “எந்த பிரவுசரா? இருக்கறது ஒண்ணுதானே?”

“ரெண்டு. உங்க அத்தான் புதுசுக்கு மாறி இருபத்து மூணு நாள் ஆச்சு. அது பொம்பளைக் குரல்ல சத்தமா வாசிக்கும், இன்னைக்குக் காலையிலயும் வாசிச்சிருக்கு. ஒரே ஒரு நாள் பக்கத்துல உட்கார்ந்திருந்தாக்கூட உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பழசுல இருக்கற பொடி எழுத்து அவர் கண்ணுக்குப் புலப்படவே படாது. ஆனா கடைசி மெயில் அதுலதான் போயிருக்கு. நீங்க போட்டுக் கொடுத்த மெயில் அதுல மூடாமலே கிடந்துச்சு. உங்களுக்கும் அது ஒண்ணுதான் தெரியும். சாவியும் உங்ககிட்டதான். கொன்னது நீங்க.”

“நான் போனப்ப அப்படி எந்தக் குரலும் கேக்கலையே...” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“போனப்பவா? வீட்டை விட்டு நகரலைன்னீங்க.” இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தவில்லை. “நீங்க கதவைத் திறக்கற சத்தம் கேட்டதுமே அவர் அதை மூடிட்டார். மனுஷங்க வந்தாச்சு, இனி மெஷின் எதுக்குன்னு நினைச்சிருப்பார்.”

மச்சினர் முகத்தைப் பொத்திக்கொண்டார். “அக்கா கட்டின வீடும்மா அது. வித்துட்டு, தங்கச்சி ஊருக்கே போய் இருக்கப்போறேன்னார். எவ்வளவோ கெஞ்சினேன். தலையணையை எப்ப எடுத்தேன்னே தெரியல. அப்புறம்தான் காலி மாத்திரை அட்டையை மேசையில வெச்சேன்.”

4.05. இன்ஸ்பெக்டர் வராந்தாவுக்கு வந்து தங்கையைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். “அந்த மெயில் உங்க அண்ணன் எழுதினதில்லம்மா. அவர் உங்ககூட வந்து இருக்கத்தான் கிளம்பிக்கிட்டிருந்தார்.”

மறுமுனையில் மறுபடியும் அழுகை.

“போன வாரம் மூணு தடவை கூப்பிட்டார்,” என்றாள் தங்கை. “அதைச் சொல்லத்தான் போல. நான் எடுக்கல.”

இன்ஸ்பெக்டருக்குப் போனை வைத்துவிட மனம் வரவில்லை. அந்த அழுகை ஓயும்வரை அதைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள்.