பத்தாவது காசு

விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகாத வெள்ளி உலகத்திலேயே கிடையாது. புஷ்பவல்லியைக் கேட்டால் அடித்துச் சொல்லுவார். காமாட்சி விளக்கு, சந்தனக் கிண்ணம், தட்டு எல்லாவற்றையும் தேய்த்து வரிசையாக வைத்திருந்தார். நாளையோடு அவர் கணவர் நஞ்சப்பன் இறந்து ஒரு வருஷம். இர்விங் நகரத்தில் அவர்களுடைய சின்ன அபார்ட்மென்டுக்கு நண்பர்கள் எல்லாரும் வரப்போகிறார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் வான்மதி தோள்பையைக்கூட இறக்கவில்லை. சமையல் மேடையில் அப்பாவின் தகர டப்பா திறந்து கிடந்தது. அவள் மேடைக்கு ஓடினாள்.

அதில் இருந்தவை பத்து வெள்ளி டாலர்கள். எல்லாம் பழைய காலத்துக் காசுகள். வான்மதியின் பிறந்தநாளுக்கு அப்பா வருஷத்துக்கு ஒன்றாக வாங்கிக் கொடுத்தவை. இரண்டு வாரம் முன்பு அவளுக்குப் பதினொரு வயது முடிந்தது. காசு வரவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவும் இல்லை.

"அம்மா, வெயிட்! அதைத் தேய்க்காதீங்க!"

"ஏங் கண்ணு? எப்படிக் கறுத்துக் கிடக்குது பாரு. நாளைக்கு உங்கப்பா படத்துக்கு முன்னால வெக்கணும். ஆளு போனதும் அவரு பொருளை இப்படிப் போட்டுட்டாங்களேன்னு வர்றவங்க நினைக்க மாட்டாங்களா?"

"பழைய காயினை க்ளீன் பண்ணவே கூடாதுன்னு அப்பா சொன்னாங்க. கறுத்தா ஒண்ணுமில்ல. தேய்ச்சா கீறல் விழுந்துடும். அதைச் சரி பண்ணவே முடியாதாம்!"

அம்மாவின் முகம் சுருங்கியது. "ஒண்ணைத் தேய்ச்சுட்டேனே."

ஏழாவது பிறந்தநாள் காசு. பளபளவென்று இருந்தது. கிட்டத்தில் பார்த்தால், காசில் பொறித்திருந்த கழுகின் இறகுகள்மேல் முழுக்க மெல்லிய கீறல்கள். வான்மதிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"எனக்கு ஷைனியாத்தான் பிடிச்சிருக்கு" என்றான் தம்பி சபரிநாதன். ஐந்து வயது. தன் பங்குக்கு டூத்பேஸ்ட்டும் பிரஷ்ஷுமாகத் தயாராக நின்றான்.

"சரி, மத்ததை விட்டுடறேன். இதை மட்டுமாவது தேய்க்கறேன் கண்ணு" என்று அம்மா பத்தாவது காசை எடுத்தார். "நடுவுல பாரு, அழுக்குக் கையை வெச்ச மாதிரி கறுப்பா ஒரு திட்டு. அசிங்கமா இருக்குது."

விபூதி தொட்ட விரல் காசுக்குப் பக்கத்தில் போய்விட்டது. வான்மதி வெடுக்கென்று காசைப் பிடுங்கிக்கொண்டாள்.

அப்பா காசு எடுத்தால் வெள்ளை கிளவுஸ் போட்டுக்கொள்வார். ஓரத்தை மட்டும்தான் பிடிப்பார். ஆபரேஷன் பண்ணப் போறீங்களா டாக்டர் என்று அவள் கிண்டல் செய்வாள். ஆனால் பத்தாவது பிறந்தநாள் ஆஸ்பத்திரியில் வந்தது. கிளவுஸ் இல்லை. அப்பாவுக்குக் கை நடுங்கியது. காசு நழுவப் பார்க்க, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். "அடடா, கையை வெச்சுட்டேனே பாப்பா" என்றார். அதற்கப்புறம் அவர் வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

வான்மதி காசை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். திட்டுக்குள் சன்னமான வளைகோடுகள் தெரிந்தன. அவற்றுக்குக் குறுக்கே சாய்வாக ஒரே ஒரு கோடு.

"அம்மா, இது அழுக்கு இல்ல. இந்தக் கோட்டைப் பாருங்க."

அம்மா குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தேங்கா உடைக்கறப்போ கட்டைவிரல்ல வெட்டிக்கிட்டாரே. நாலு தையல் போட்டாங்க" என்றவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ சாமி, தேய்ச்சிருப்பேனே! நானே தேய்ச்சு அழிச்சிருப்பேனே!"

அவர் அழுது வான்மதி பார்த்திருக்கிறாள். இப்படி அழுது பார்த்ததில்லை.

திடீரென்று அம்மா நிமிர்ந்தார். "அப்ப அந்த ஏழாவது காசு? அதுலயும் இருந்துச்சா கண்ணு?"

வான்மதியின் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இல்லம்மா. அன்னைக்கு கிளவுஸ் போட்டிருந்தாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கை பட்டது இது ஒண்ணுதான்."

சபரி சத்தமில்லாமல் டூத்பேஸ்ட்டை மூடினான்.

மறுநாள் அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு பளபளத்தது. அதன் பக்கத்தில் கறுத்த பத்தாவது காசு இருந்தது.

கும்பிட்டு எழுந்த சுவாமிநாதன் அங்கிள் அதைப் பார்த்துவிட்டார். "என்னம்மா, இதை மட்டும் தேய்க்காம விட்டுட்டீங்களே!" என்று எடுக்கப் போனார்.

"அங்கிள், தொடாதீங்க!" சபரி ஓடிவந்து குறுக்கே நின்றான். "அது எங்கப்பா கை!"

நீட்டிய கையை அங்கிள் மெதுவாக மடக்கிக்கொண்டார்.