பீரோப் பக்கம் சாய்ந்த வெளிச்சம்

ஜெபத்தின் நடுவே ரீபாவும் மகளும் மௌனமாக இருந்தபோது, டிவியோடு இருந்த பெட்டியின் வெளிச்சம் பீரோப் பக்கம் சாய்ந்தது. அங்கே யாரும் இல்லை. ரீபா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் வசனத்தைச் சொல்லி முடித்தாள். வண்ணார்பேட்டையில் லாரி மோதிப் புருஷன் சுஜின் போன பிறகு அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. பள்ளிக்கூடம் போகிறாள், பாடம் நடத்துகிறாள், சோறு வடிக்கிறாள். எல்லாம் வேறு யாருக்கோ நடக்கிற மாதிரி நடந்துகொண்டிருந்தது.

பெட்டியை மஸ்கட்டிலிருந்து அனுப்பியவன் கொழுந்தன் சுபின். அண்ணன் அடக்கத்துக்கு லீவு கிடைக்காதவன், அந்தக் குறைக்கு என்னென்னவோ சாமான் அனுப்பித் தீர்த்துக்கொண்டிருந்தான். சோப்பு டப்பா அளவில் கறுப்பாக ஒன்று. டிவியோடு ஒயரைச் செருகிவிட்டால் ஊரில் உள்ள படமெல்லாம் வந்து கொட்டும். ரிமோட்டைத் தேட வேண்டாம், வாயால் கேட்டால் போதும். பேசுகிறவர் குரலை அடையாளம் கண்டு திரையின் ஓரத்தில் பேரைக் காட்டும். முகப்பில் உள்ள நீல வெளிச்சம், பேச்சு எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் சாயும்.

ரீபாவுக்குப் படம் பார்க்கிற மனசா இருந்தது? ஆனாலும் அந்தப் பெட்டியை அவள் கும்பிடாத குறைதான். எட்டு வயது மகள் பெர்லின், தகப்பன் போனதிலிருந்து பேச்சையே விட்டிருந்தாள். சாயங்கால ஜெபத்தில் ஒரு வசனம் சொல்வாள், அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்தைக் கேட்கத்தான் ரீபா பகலையெல்லாம் ஓட்டினாள். பெட்டி வந்த அன்று பிள்ளை அதன் முன்னால் உட்கார்ந்து, "கார்ட்டூன் போடு" என்றாள். அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி ரீபா அழுதாள். இந்தக் குரல் மட்டும் போதும் ஆண்டவரே, வேறொன்றும் கேட்க மாட்டேன் என்றாள்.

சுஜின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபத்தில் ஆளுக்கொரு வசனம் முறைப்படி சொல்லும்போது, வெளியூர் போனவருக்கும் ஒரு முறை விடுவார்கள். அவர் சொல்லி முடிக்கிற நேரம் மற்றவர்கள் பேசாமல் இருப்பார்கள். சுஜினைக் கல்லறையில் வைத்த பிறகும் ரீபா அவன் முறையை எடுக்கவில்லை. முதலில் பிள்ளை, அடுத்து மௌனம், கடைசியில் அவள். அந்த மௌனத்தில்தான் வெளிச்சம் சாய்ந்தது.

"பல்லி கத்துனாக்கூட அதுக்குக் கேட்டுரும் மதினி," என்று போனில் சிரித்தான் சுபின். "புது மாடலுல்லா!"

மறுநாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொசுவர்த்திப் புகையும், ஈரச்சுவரின் வாடையும், தெருமுனையில் திரும்புகிற டவுன் பஸ்ஸின் உறுமலும், பீரோவை ஒட்டி சுஜின் சாய்ந்து சாய்ந்து சுவரில் பதிந்துபோன எண்ணெய்க் கறையும் அந்த மௌனத்துக்குள் ஒன்றாகக் கூடி நிற்க, வெளிச்சம் பைய அந்தக் கறையின் பக்கம் நகர்ந்தது. திரையில் எழுத்து வந்தது: புதிய குரல் கேட்டது. இவர் யார்?

எத்தனையோ நாளுக்குப் பிறகு ரீபாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"சுஜின்," என்றாள்.

பெரியவரா, குழந்தையா? "பெரியவர்," என்றாள். அடுத்த எழுத்து வந்தது: வீட்டுப் பொறுப்பு இவருக்கும் உண்டா?

"உண்டு."

அதன் பிறகு தினமும் மௌனத்தில் சுஜினின் பேர் திரையில் வந்தது. ரீபாவுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பேரைப் பார்ப்பதே போதுமாக இருந்தது. பெர்லினுக்கு மட்டும் தொண்டை கட்டிக்கொண்டே வந்தது. சுக்குக் கஷாயம் கொடுத்தாள். ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வசனம் நாளுக்கு நாள் தேய்ந்தது. பாதி எழுத்து காற்றாகப் போனது.

ஒரு சாயங்காலம் வேலை விட்டு வரும்போது, பிள்ளை பீரோவுக்கு எதிரே சம்மணம் போட்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் அவள் பக்கம் சாயவில்லை. அவளுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

"யாருகிட்ட பேசுத, பிள்ளே?"

பெர்லின் எழுந்து வந்து காதோடு காதாகச் சொன்னாள். "யம்மா, அது அப்பா இல்ல. அதுக்கு வசனமே தெரியல. என்னையச் சொல்லித்தரச் சொல்லுது. நான் சொல்லச் சொல்ல, என்னைய மாதிரியே திருப்பிச் சொல்லுது."

ரீபா பிள்ளையைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"சுஜின் குரலை எடுத்துரு," என்றாள் பெட்டியிடம்.

இதற்கு சுஜினின் அனுமதி வேண்டும் என்று திரையில் வந்தது.

"எடுன்னா எடு!"

வெளிச்சம் பீரோப் பக்கம் போனது. நின்றது. திரும்பி வந்தது.

அனுமதி இல்லை. பெர்லின் குரல் இனி சுஜின் பொறுப்பில்.

ஒயரைப் பிடுங்கினாள். டிவி ஒயரையும் பிடுங்கினாள். பெட்டியைப் பின்வாசலுக்குக் கொண்டுபோய்த் துவைகல்லில் ஓங்கி அடித்தாள். உடைந்தது. உள்ளே பச்சைத் தகடும் தூசியும்தான். மழை அதன் மேல் விழுந்தது.

கதவைச் சாத்திவிட்டு வந்து பாயை விரித்தாள். பிள்ளையை மடியோடு இழுத்து உட்காரவைத்தாள். முகம் துடைத்தாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"சொல்லு மக்கா. பைய சொல்லு."

பெர்லின் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. மறுபடி திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. காற்றுகூட வரவில்லை.

அவள் முறை முடிந்தது.

பீரோப் பக்கத்திலிருந்து வசனம் கேட்டது. தெளிவாக. கரகரப்பு இல்லாமல். தகப்பன் போவதற்கு முன் பெர்லினுக்கு இருந்த அதே குரல், ஒரு சொல் பிசகாமல், கடைசியில் ஆமென் வரைக்கும். எதைக் கேட்க ரீபா உயிரை வைத்திருந்தாளோ, அது.

"யம்மா," என்றது அது, சுவரில் இருந்த எண்ணெய்க் கறையின் உயரத்திலிருந்து. "இப்ப நீங்க சொல்லுங்க."

மடியில் பெர்லின் வேண்டாம் வேண்டாமென்று தலையை ஆட்டியபடி, இரண்டு கையாலும் தாயின் வாயைப் பொத்தினாள்.